கோசி பே எல்லை வழியாக மொசாம்பிக்: அண்ணன் பெயரிலுள்ள காருக்கு அனுமதி பெறுவது எப்படி?

வணக்கம் உறவுகளே. அடுத்த வாரம் டர்பனிலிருந்து மொசாம்பிக் தலைநகர் மாபுட்டோவுக்கு அம்மாவைக் காரில் அழைத்துச் செல்கிறேன். அங்கே சித்தி நோயுற்றிருக்கிறார். முழங்கால் வலியோடு அம்மாவால் விமான நிலையத்தில் அலைய முடியாது.

எஸ்வாத்தினி, லெசோத்தோ போன்ற அண்டை நாடுகள் நம் தென்னாப்பிரிக்காவுடன் ஒரே சுங்க ஒன்றியத்தில் இருக்கின்றன. மொசாம்பிக் அதற்கு வெளியே இருப்பதால், காருக்குத் தற்காலிக இறக்குமதி அனுமதி வாங்கி, திரும்பும்போது எல்லையில் அதை முடித்துவிட்டு வர வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்பீடு தனி.

என் கவலை வேறு. கார் அண்ணன் பெயரில், வங்கிக் கடனில் இருக்கிறது. வங்கியின் அனுமதிக் கடிதத்துக்கு விண்ணப்பித்துவிட்டோம். அண்ணனின் பிரமாணப் பத்திரம் காவல் நிலைய முத்திரையோடு கையில் இருக்கிறது. பதிவுச் சான்றிதழுக்குச் சான்றொப்பமிட்ட நகல் போதுமா, மூலத்தையே கேட்கிறார்களா? கடிதங்களுக்குப் போர்த்துகீசிய மொழிபெயர்ப்பு கேட்டார்களா? காப்பீட்டை டர்பனிலேயே வாங்கிவிடுவது நல்லதா?

தரகர்களை நான் நாடமாட்டேன். அம்மாவை வெயிலில் உட்காரவைத்துவிட்டுப் பேரம் பேச எனக்கு மனமில்லை. அண்மையில் அந்த வழியாகப் பிறர் பெயரிலுள்ள வண்டியை ஓட்டிச் சென்றவர்கள், எந்த முகப்பில் என்ன கேட்டார்கள் என்பதை வரிசையாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.