பாலைவன வெயிலில் ஆடிப்பட்டம் பார்த்த கதை

சாண்ட்லர், அரிசோனா, அமெரிக்கா

"ஆடிப்பட்டம் தேடி விதை"ன்னு கேட்டே வளர்ந்தவ நான். அப்பாவுக்குக் கோவில்பட்டிப் பக்கம் கரிசக்காடு. அந்தத் தைரியத்துல இங்க வந்த வருஷமே ஜூலையில தக்காளி விதைச்சேன். வருஷம் 2023. பக்கத்து பீனிக்ஸ் நகரத்துல தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாம (செல்சியஸ் கணக்குல 43) கொளுத்தின அதே கோடை. முளைச்சது நாலு. நாலும் மத்தியானத்துக்குள்ள அப்பளம்.

அப்புறம்தான் நூலகத்துல நடக்குற இலவச தோட்ட வகுப்புக்குப் போனேன். அரிசோனா பல்கலைக்கழக விரிவாக்கப் பிரிவுல (பொதுமக்களுக்கு விவசாயம் சொல்லித் தர்ற பிரிவு) பயிற்சி எடுத்த தன்னார்வலர்கள் நடத்துறாங்க. சொல்லிக்கொடுத்த பாட்டியம்மா உரம், விதை எதையும் தொடல. "முதல்ல ஒரு அடி குழி தோண்டித் தண்ணி ஊத்து, நாளைக்கு வந்து பாரு"ன்னாங்க. வீட்டுல தோண்டினா முக்கால் அடியில கடப்பாரை 'டங்'குன்னு நின்னுச்சு. கலீச்சின்னு இங்க சொல்ற மண் அடுக்கு. சுண்ணாம்பு இறுகி சிமெண்டு மாதிரி கிடக்கு. மறுநாள் காலையிலயும் குழியில தண்ணி அப்படியே நிக்குது. செடி வெயில்ல மட்டும் சாகலை, வேர் மூழ்கியும் செத்திருக்குன்னு அன்னைக்குத்தான் உறைச்சது.

தக்காளிக்கு இங்க பட்டம் பிப்ரவரி நடுவுல. மே கடைசிக்குள்ள காய்ச்சு முடிக்கணும். ராத்திரியும் சூடு தணியாத காலம் வந்துட்டா பூ பிஞ்சாகாம உதிர்ந்துடும். இன்னொன்னு, தினமும் கொஞ்சம் கொஞ்சமா தெளிக்கிற பழக்கம் ஆகவே ஆகாது. இந்தத் தண்ணியில உப்பு ஜாஸ்தி, மேலாகவே தங்கி இலை ஓரத்தைக் கருக்கிடும். இடைவெளி விட்டு, ஆழமா ஊத்தணும். ஊத்தினதும் ஒரு இரும்புக் கம்பியைக் குத்திப் பாருங்க. ஈரம் இருக்குற வரைக்கும் வெண்ணெய் மாதிரி இறங்கும், காய்ஞ்ச மண்ணுல நின்னுடும். காய்கறிக்கு ஒரு அடி இறங்கினா போதும்.

மேசாவுலேர்ந்து பதில்

நான் வகுப்புல வாங்கின பாட்டு வேற, அக்கா. புளோரிடாவுல இருக்குற மச்சான் வீட்டுலேர்ந்து கறிவேப்பிலைக் கன்னு எடுத்துட்டு வரலாமான்னு கேட்டுட்டேன். சொல்லிக்கொடுத்தவர் கண்ணாடியைக் கழட்டி மேசையில வெச்சுட்டார். எலுமிச்சை, ஆரஞ்சு மரத்தையெல்லாம் காலி பண்ற நோயைப் பரப்புற பூச்சிக்குக் கறிவேப்பிலையும் தீனியாம். ரெண்டும் ஒரே குடும்பம். இஷ்டத்துக்குக் கொண்டுவரக் கூடாது, கட்டுப்பாடு இருக்கு. பெட்டியில சுருட்டி எடுத்துட்டு வர்றவங்க கொஞ்சம் யோசிங்க. முருங்கைக்கு அந்த வம்பு இல்லை. டிசம்பர் உறைபனியில மொட்டையாகும், அடியிலேர்ந்து மறுபடி துளுத்துடும். வெண்டையும் தட்டாம்பயறும் ஜூலையிலயும் சிரிச்சுட்டு நிக்குது.

டூசான்லேர்ந்து பதில்

ஆடிப்பட்டத்தை அவ்வளவு சீக்கிரம் தள்ளிடாதீங்க. இங்க நான் போன வகுப்புல டெப்பரி அவரை விதை கொடுத்தாங்க, நம்ம பயறைவிடக் கொஞ்சம்தான் பெருசு. இந்த மண்ணோட பூர்வகுடிகளான டோஹோனோ ஊதாம் மக்கள் காலங்காலமா போடுறது. எப்போ தெரியுமா? கோடை மழை இறங்கினதும், ஜூலையில! மழைத்தண்ணி வழிஞ்சு வந்து பரவுற இடத்துல விதைப்பாங்க. பாவம்னு நாம கூடுதலா தண்ணி விட்டா கொடியும் இலையுமா மண்டிடும், காய் பிடிக்காது. இந்த மாதிரி விதைகளைக் காப்பாத்தி வைக்கிற நேட்டிவ் சீட்ஸ் சர்ச் (Search, தேடல்)ங்கிற அமைப்பு இங்கதான் 1983லேர்ந்து இருக்கு. அங்க கிடைக்கும்.

மறுபடி சாண்ட்லர்

வாங்கிட்டேன்! தரைமட்டத்துக்கு அரை அடி பள்ளமா பாத்தி எடுத்து, சுத்தி வரப்பு கட்டி, போன வாரம் பன்னெண்டு விதை ஊனினேன். இன்னைக்கு ஒன்பது தலை தூக்கியிருக்கு. மூணு மேல இன்னும் விதைத்தோலு தொப்பி மாதிரி ஒட்டிட்டிருக்கு. அப்பாகிட்ட போன்ல காட்டினேன். "ஆடியில போட்டது சரி, மழை பெஞ்சுதா?"ன்னார். புழுதிக்காத்துதான் வந்துச்சு. குழாய்த் தண்ணின்னு சொல்ல வாய் வரலை.