அடிமை ஒழிப்பு மியூசியம்: முதல் ரூம்ல எதை வைக்கறது?

கடலோடி:
அடிமைமுறை ஒழிப்பு இயக்கத்தைப் பத்தி சின்னதா ஒரு மியூசியம் ரெடி பண்ணிட்டு இருக்கோம், மொத்தமே நாலு ரூம்தான். பிரிட்டன்ல நடந்ததுதான் மெயின். 1787-ல லண்டன்ல 12 பேர் கமிட்டி போட்டது, 1807-ல அடிமை வியாபாரத்துக்குத் தடை, 1833-ல ஒழிப்புச் சட்டம்னு ஸ்கிரிப்ட் எழுதி முடிச்சாச்சு. திரும்பப் படிச்சா பார்லிமெண்ட்ல இதுக்காகப் போராடின வில்பர்ஃபோர்ஸோட வாழ்க்கை வரலாறு மாதிரியே இருக்கு, அடிமையா இருந்தவங்க படத்துல சங்கிலியோட வராங்க, வாயே திறக்கல. எப்படி மாத்தலாம்? இதுல கைவிலங்கு, சாட்டை எல்லாம் முதல் ரூம்லயே வைக்கணும்னு டிசைனர் வேற ஒத்தக்கால்ல நிக்கறார்.

மழைக்குருவி:
சுவத்துல ரெண்டு காலக்கோடு போடுங்க. மேல பார்லிமெண்ட்ல நடந்தது, கீழ அடிமைங்க இருந்த தோட்டத்துலயும் கப்பல்லயும் நடந்தது. 1791-ல ஹெய்ட்டில அடிமைங்களோட கிளர்ச்சி வெடிச்சுடுச்சு, 1807 அதுக்கு அப்புறம்தான். 1831 கிறிஸ்மஸ் சமயம் ஜமைக்கால சாம் ஷார்ப்னு ஒரு அடிமையோட தலைமையில ஆயிரக்கணக்கானவங்க எழுந்தாங்க, அவரை 1832-ல தூக்குல போட்டாங்க, அடுத்த வருஷமே சட்டம் வருது. லேபிள்ல விளக்கமே வேண்டாம், ரெண்டு கோட்டையும் பார்த்தாலே புரிஞ்சிடும். வாய் திறக்கலன்னீங்களே, அடிமையா இருந்த எக்வியானோவை எங்க விட்டீங்க? காசு கொடுத்து தன்னைத்தானே மீட்டுக்கிட்டு, 1789-ல தன் கதையை எழுதி ஊர் ஊரா போய் வித்தவர் அவர்.

பழம்பெட்டி:
ஒழிப்புக்காக ஊர் ஊரா பிரச்சாரம் பண்ணின தாமஸ் கிளார்க்சனோட பெட்டியைப் பத்தி டிசைனருக்குச் சொல்லுங்க. லிவர்பூல்ல வாங்கின கைவிலங்கு, விரல்நசுக்கி எல்லாம் கூட்டத்துல எடுத்துக் காட்டுவார், ஆனா அதோடயே ஆப்பிரிக்கால நெய்த துணி, தந்தம், வாசனைப் பொருள் எல்லாம் கொண்டு போவார், மனுஷங்களை விக்காம இதை வாங்கி விக்கலாமேங்கறதுதான் அவர் வாதம். அதனால விலங்கு வைங்க, பக்கத்துலயே துணியும் வைங்க. வெறும் இரும்பை மட்டும் வெச்சா திகில் கண்காட்சி ஆயிடும். அப்புறம் ஒரிஜினல் காகிதம் ஏதாவது வெச்சீங்கன்னா 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தோட அளவு) மேல லைட் போடாதீங்க, காகிதம் மங்கிடும், பாதிப் பேர் இதுல கோட்டை விடறாங்க.

நடுக்கடல்:
கீழ்க்கோடு ஐடியா சூப்பர், ஆனா மேல்கோட்டுலயும் பெரிய மனுஷங்க மட்டும் வேண்டாம். அடிமைங்க உழைப்புல வந்ததுன்னு 1791-லேர்ந்து வீட்டுல சர்க்கரையை நிறுத்தின பொம்பளைங்க, ஒழிப்பு கேட்டு மனுல கையெழுத்து போட்ட தொழிலாளிங்க எல்லாம் யாரு? ஒரு சர்க்கரைக் கிண்ணம் போதும், அந்த ரூமே பேசும். கடைசி ரூம்ல கணக்கு வைங்க: 2 கோடி பவுண்ட் நஷ்டஈடு, அதுவும் முதலாளிங்களுக்கு. விடுதலையானவங்களுக்கு ஒரு பைசா இல்ல, மேல 1838 வரைக்கும் பயிற்சித் தொழிலாளின்னு பேர் மாத்தி அதே தோட்டத்துலயே வேலை வாங்கினாங்க. நஷ்டஈடு கொடுக்க அரசாங்கம் வாங்கின கடனோட கடைசி பாக்கி 2015-லதான் அடைஞ்சுது. யார் யார் எவ்வளவு வாங்கினாங்கன்னு லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் லிஸ்டே போட்டிருக்கு, பேர் போட்டுத் தேடலாம். ஆமா, 1833 சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி இடங்களுக்குப் பொருந்தல, அதையும் ஒரு ஓரமா எழுதிடுங்க.

கடலோடி:
துணி மேட்டருக்கு டிசைனர் ஒத்துக்கிட்டார், விலங்கு ரெண்டாவது ரூமுக்குப் போயாச்சு. வில்பர்ஃபோர்ஸுக்கு நாலு பேனல் இருந்துச்சு, இப்ப ஒண்ணு. லிஸ்டைத் தேடிப் பார்க்க கடைசி ரூம்ல ஒரு ஸ்கிரீன் வைக்கலாம்னு போனா அங்க ஒரு ப்ளக் பாயிண்ட் கூட இல்ல, எலக்ட்ரீஷியனைப் பிடிக்கணும்.