மீனிடம் பம்மிப் போவதற்கு ஒரு சொல்

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

மூச்சை அடக்கி, ஈட்டியோடு நன்னீரில் மூழ்குபவர் உஷாரான மீனை நெருங்கும் செயலுக்கு ஒரு சொல் கேட்டிருந்தேன். இதுவரை வந்தவை: அணுகல், பதுங்கல், பதுங்கு வேட்டை, ஒளிந்தணுகல், கொக்கிருப்பு. கொக்கிருப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். 'அணுகல்' பொதுச்சொல். வங்கி மேலாளரைக்கூட அணுகுகிறோம். மற்றவற்றில்தான் சிக்கல். நீங்கள் எழுதியவற்றை மேற்கோளாக வைத்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

> 'பதுங்கல்' என்றே வைத்துவிடலாமே. புலி பதுங்குவது பாய்வதற்குத்தானே?

புலிக்குப் புதர் இருக்கிறது. புதருக்குப் பின்னால் இருக்கும்வரை மானுக்குப் புலியைத் தெரியாது. நீருக்குள் நிலைமை வேறு. மீனின் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் நேர் பின்னால் ஒரு குறுகிய இடம் தவிர ஏறக்குறைய எல்லாப் பக்கமும் அதற்குத் தெரியும். கலங்கிய நீரில் கண்ணை ஏமாற்றினாலும் பக்கக்கோடு இருக்கிறது. செவுளுக்குப் பின்னாலிருந்து வால்வரை ஓடும் அந்த உணர்வுறுப்பு, பக்கத்தில் நீர் லேசாகத் தள்ளப்பட்டாலும் சொல்லிவிடும். கெண்டை, கெளுத்தி இனங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. காற்றுப்பையில் படும் அதிர்வை உட்செவிக்குக் கடத்தும் சிற்றெலும்புகள், வெபர் எலும்புகள் என்பார்கள். ஈட்டி முனை கல்லில் 'டிங்' என்று ஒருமுறை பட்டால் போதும். நன்னீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர் போகிறது, காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கு மேல்.

ஆக, நாம் இறங்கிய செய்தி மீனுக்கு எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. வந்திருப்பதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறதா, மிதந்து வந்த மரக்கட்டையாக எடுத்துக்கொள்கிறதா என்பதுதான் விஷயம். அதனால் 'பதுங்கு', 'ஒளி' இரண்டுமே இந்தச் செயலைத் தப்பாகச் சொல்கின்றன.

நடப்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், சொல் அதிலிருந்துதான் வர வேண்டும். ஆழம் மூன்று மீட்டர். நீர்ச்செடி விளிம்பில் ஒரு பெரிய கெண்டை தலையைத் தாழ்த்தி மேய்கிறது. சேற்றை உறிஞ்சி, வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் துப்புகிறது. செவுளோரம் சின்னப் புகைபோல் சேறு கிளம்புகிறது. நான் மூச்சுக்குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு (உள்ளே வைத்திருந்தால் குமிழி சத்தம்) காலில் மாட்டிய துடுப்பு நீர்ப்பரப்பை அறையாமல் தலைகீழாக இறங்குகிறேன். தரைக்கு வந்ததும் காலுக்கு வேலை கிடையாது. ஒரு உதை உதைத்தால் கதை முடிந்தது. இடது கையால் முழுகிக் கிடக்கும் கிளையைப் பற்றி, உடம்பை அதன் நிழலோடு ஒட்டி, விரல் விரலாக இழுத்துக்கொண்டு போகிறேன். நேராக மீனை நோக்கி அல்ல, அதைத் தாண்டி வேறெங்கோ போகிறவன் மாதிரி சாய்வாக. புகை நின்றுவிடுகிறது. முதுகுத்துடுப்பு விறைக்கிறது. கை பாதி நீட்டியபடியே நானும் நின்றுவிட வேண்டும். மறுபடி சேறு கிளம்பினால் அடுத்த விரல். கிளம்பாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

இப்படிப் போவதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு வினை இருக்கிறது: பம்முதல். பதுங்குகிறவன் கண்ணில் படமாட்டான். பம்முகிறவன் கண்ணெதிரே வருவான், ஆனால் தன்னைச் சின்னதாக்கிக்கொண்டு வருவான். தப்புச் செய்துவிட்டுத் தலைமையாசிரியர் அறைக்குள் நுழையும் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் ஒளியவில்லை, பம்முகிறான். எனவே என் பரிந்துரை பம்மணுகல். தனியே 'பம்மல்' என்று வைத்தால் ஓர் ஊர்தான் நினைவுக்கு வரும்.

> பம்மு கொச்சையாகப் படுகிறது. கலைச்சொல்லுக்கு அந்தக் கனம் உண்டா?

முத்துக் குளித்தவர்கள் தங்கள் வேலையைக் 'குளித்தல்' என்றுதான் சொன்னார்கள். வேலை செய்கிறவர் வாயில் இருக்கும் சொல்லுக்குக் கனம் தானாக வரும். மூச்சடக்குவதைத் 'தம் கட்டுதல்' என்று எழுதவும் நான் தயார்தான், ஆனால் அந்தச் சண்டையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

> பம்மு முற்றியலுகரம். அணுகல் சேரும்போது உகரம் எப்படிக் கெடும்?

சரியான கேள்வி. குற்றியலுகரம் கெடுவதுபோல முற்றியலுகரமும் சில இடங்களில் கெடும் என்று நன்னூலே வழி விட்டிருக்கிறது. கதவு + அழகு = கதவழகு. உச்சரிக்கத் தடையில்லை. வினையாக வரும்போது 'பம்மி அணுகினேன்' என்று பிரித்தே எழுதலாம்.

> 'வேட்டை' என்ற சொல் எங்காவது உள்ளே வர வேண்டாமா?

வேண்டாம். நீருக்கடியில் படம் எடுப்பவரும் இதையேதான் செய்கிறார், அவர் கையில் ஈட்டிக்குப் பதில் கேமரா. தவிர, நன்னீரில் ஈட்டி மீன்பிடிப்புக்கே பல இடங்களில் தடை இருக்கிறது, வேறு சில இடங்களில் குறிப்பிட்ட இனங்களுக்கு மட்டும் அனுமதி. சொல்லிலேயே வேட்டையை ஒட்டிவைத்தால் பாதிப்பேருக்கு அது உதவாது.

இனி கொக்கிருப்பு. இத்தாலிய ஈட்டி மீனவர்கள் இரண்டு முறைகளைத் தனித்தனியாகப் பெயரிட்டிருக்கிறார்கள். தரையில் அசையாமல் கிடந்து, மீன் தானே ஆவலில் வரட்டும் என்று காத்திருப்பது 'அஸ்பெத்தோ', மறைவை ஒட்டி ஊர்ந்து போவது 'அகுவாத்தோ'. நம் பட்டியலில் இரண்டும் கலந்துவிட்டன. கொக்கிருப்பை முதலாவதற்குக் கொடுத்துவிடலாம். உறுமீனுக்குக் காத்திருக்கும் கொக்கை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. 'பதிவிருத்தல்' என்ற பழஞ்சொல்லும் இதற்குப் பொருந்தும், ஆனால் இன்றைக்குப் 'பதிவு' என்றால் எல்லாரும் வலைப்பதிவையோ பத்திரப்பதிவையோதான் நினைப்பார்கள்.

கூடவே இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. சாதாரணமாக எந்தத் தூரத்துக்குள் நாம் நுழைந்தால் மீன் ஓடுகிறதோ, அந்தத் தூரம். வெருள்தொலைவு என்கிறேன். வயலில் நிற்கும் வெருளி அதே வேரில் வந்ததுதான். இதை வரையறுக்கும்போது ஒரு கவனம் வேண்டும். தட்டையான கண்ணாடி முகமூடி வழியே பார்த்தால் பொருள் உண்மையான தூரத்தில் முக்கால் பங்கில் இருப்பதுபோல் தெரியும். கண்ணுக்கு 2 மீட்டர் என்றால் நிஜத்தில் சுமார் 2.7 மீட்டர். ஆளாளுக்குக் கண்ணளவில் தூரம் சொன்னால் குறிப்புகள் ஒத்துப்போகாது, அதனால் 'மெய்த்தொலைவு' என்று குறிப்பிட்டே எழுத வேண்டும்.

வரையறையில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் பகுதி மூச்சைப் பற்றியது. கரையில் பம்முகிறவனுக்கு நேரம் இருக்கிறது, இவனுக்கு இல்லை. போன பருவத்தில் ஒரு கெண்டையிடம் 'இன்னும் ஒரு விரல், இன்னும் ஒரு விரல்' என்று போய், மூச்சுக்குத் தவித்து வயிறு இரண்டு மூன்று முறை எக்கிய பிறகுதான் திரும்பினேன். மேலே வந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு, காவலுக்கு மிதந்துகொண்டிருந்த நண்பர் அன்று மறுபடி என்னை இறங்கவே விடவில்லை. மயக்கம் பெரும்பாலும் அடியில் வருவதில்லை. மேலேறும்போது நீரழுத்தம் குறைய, நுரையீரலில் ஆக்சிஜனின் அழுத்தமும் சரிந்து, பரப்புக்குப் பக்கத்தில் முன்னறிவிப்பு இல்லாமல் வரும். நன்னீரில் ஆழம் குறைவுதானே என்று நினைப்பவர்களும் சிக்குகிறார்கள். இறங்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்கியிருந்தால் எக்கல்கூட நேரத்துக்கு எச்சரிக்காது. எனவே வரைவு இப்படி:

பம்மணுகல்: மூச்சடக்கி மூழ்கியவர், மேலே ஒருவர் காவலிருக்க, மீன் வெருளாதபடி நின்று நின்று அதன் வெருள்தொலைவுக்குள் நுழைவது, மூச்சு மிச்சமிருக்கும்போதே கைவிட்டு மேலேறுவதும் இதில் அடங்கும்.

கடைசிப் பகுதி அகராதிக்கு நீளம் என்று யாராவது சொல்வீர்கள். வேறெங்கு வேண்டுமானாலும் வெட்டுங்கள், அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

பி.கு.: கெண்டை மேயும்போது கிளம்பும் அந்தச் சேற்றுப் புகைக்கு, மீன்பிடிப்பவர்கள் யாராவது ஏற்கெனவே பெயர் வைத்திருந்தால் எழுதுங்கள். அதற்கு நான் புதிதாகச் சொல் செய்ய விரும்பவில்லை.