புதுப்பிப்பு: கால் மணி நேரம் ஓடி அணைந்துவிடும் பழைய மாஸி 1035 – காரணம் தெரிந்தது

பணி ஓய்வுக்குப் பின் நான் புதுப்பித்துவரும் பழைய மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர், கால் மணி நேரம் ஓடியதும் இழுவை குறைந்து அணைவதாகவும், சற்று ஆறவிட்டால் மீண்டும் கிளம்புவதாகவும் முன்பு எழுதியிருந்தேன். யோசனை கூறிய அனைவருக்கும் நன்றி.

டீசல் பம்பைக் கழற்றிப் பழுது பார்க்கச் சொன்னவர்களே அதிகம். எனினும் செலவில்லாதது என்பதால், டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பார்க்கச் சொன்ன திருநெல்வேலி அன்பரின் யோசனையை முதலில் எடுத்துக்கொண்டேன்; வண்டி அணையவில்லை. மூடியிலுள்ள காற்றுத் துளையைப் பழைய பெயிண்டும் தூசியும் அடைத்திருந்ததால், டீசல் குறையக் குறைய டேங்கினுள் வெற்றிடம் உண்டாகி, பம்புக்குப் போதிய டீசல் வராமல் போயிருக்கிறது. மெல்லிய கம்பியால் குத்தி, மண்ணெண்ணெயில் கழுவியதோடு அது தீர்ந்தது.

எதிர்பாராதது, கலப்பையை மாட்டி உழுதபோது வந்தது: வெறுமனே ஓடுகையில் ஒழுங்காக இருந்த எஞ்சின், பாரம் ஏறியதும் திணறியது. டேங்க் குழாயைக் கழற்றி பாட்டிலில் பிடித்துப் பார்த்தால், தடிமனாகத் தொடங்கிய டீசல் சிறிது நேரத்திலேயே நூலாக மெலிந்தது. குழாயின் உள்முனையிலுள்ள சல்லடையில் துருவும், தண்ணீர் கலந்த கருஞ்சேறும் களிம்புபோல் அப்பியிருந்தன. டேங்கை இறக்கி, உள்ளே பழைய சைக்கிள் செயினைப் போட்டுக் குலுக்கி, துரு வருவது நிற்கும்வரை டீசலால் அலசினேன். பிறகு ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) நட்டுகள் என்ற வரிசையில், உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றியதும் வண்டி பாரத்தோடு நிற்காமல் உழுகிறது. மிச்சத் துரு இறங்கக்கூடும் என்பதால், ஃபில்டரை மட்டும் வழக்கத்தைவிட முன்னதாகவே மாற்ற இருக்கிறேன்.