மீன்கொத்தியின் இறகு இழைகள் தெளிவாக விழவில்லை: குறை லென்ஸிலா, என்னிடமா?

கேள்வி:
வணக்கம். என்னிடம் 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (முழுச்சட்டத்தைவிடச் சிறிய சென்சார் கொண்ட) கேமராவும் 150-600 மி.மீ. லென்ஸும் உள்ளன. கடந்த ஞாயிறு முற்பகல் 11 மணியளவில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரமாகக் காரை நிறுத்தி, சுமார் 10 மீட்டர் தொலைவில் இரும்புக் கம்பத்தின் மேல் அமர்ந்திருந்த வெண்மார்பு மீன்கொத்தியை 600 மி.மீ., லென்ஸ் துளை எஃப் 6.3, 1/500 நொடி, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100 என்ற அமைப்பில் 40 படங்கள் எடுத்தேன். கைப்பேசியில் எல்லாமே அழகாகத் தெரிகின்றன. கணினியில் 100 விழுக்காட்டுக்கு, அதாவது படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலாகத் தெரியுமளவு பெரிதாக்கினாலோ, ஒன்றில்கூட இறகின் இழைகள் பிரிந்து தெரியவில்லை. மார்பு சுண்ணாம்பு அடித்த சுவர்போல் இருக்கிறது. லென்ஸை மாற்ற வேண்டுமா?

முதல் பதில்:
லென்ஸைக் குறைசொல்வதற்கு முன், எதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறோம் என்பதைக் கவனியுங்கள். 6000 பிக்சல் அகலமுள்ள உங்கள் படத்தை 24 அங்குல முழு எச்டி திரையில் 100 விழுக்காட்டில் திறப்பது, ஏறத்தாழ ஐந்தரை அடி அகலத்துக்கு அச்சிட்ட படத்தை மூக்கு படும் தூரத்தில் நின்று பார்ப்பதற்குச் சமம். படத்தை வைத்துக்கொள்வதா அழிப்பதா என்பதை நான் 50 விழுக்காட்டில்தான் முடிவுசெய்வேன். மங்கலின் காரணத்தைத் தேடும்போது மட்டுமே 100. அப்போதும் முதலில் பார்ப்பது இறகை அல்ல, பறவையின் கண்ணில் மின்னும் ஒளிப்புள்ளியை. அது புள்ளியாக இருக்கிறதா, கோடாக இழுபட்டிருக்கிறதா? கண் மங்கலாக இருந்தால், படத்தில் வேறு எந்த இடமாவது கூர்மையாக இருக்கிறதா?

கேட்டவர்:
பார்த்தேன் ஐயா. 11 படங்களில் ஒளிப்புள்ளி சாய்ந்த சிறு கோடாக இருக்கிறது. 8 படங்களில் பறவை என்னை நேராகப் பார்க்கிறது. அவற்றில் அலகின் நுனி கூர்மை, கண் மங்கல். மற்றவற்றில் எங்குமே கூர்மையில்லை, கம்பத்தின் விளிம்புகூட லேசாக நெளிந்திருக்கிறது. வெயில் கடுமையாக இருந்ததால் ஏசியை ஓடவிட்டு, கண்ணாடியை இறக்கித்தான் எடுத்தேன்.

முதல் பதில்:
அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் பாதி விடை இருக்கிறது. ஜன்னல் வழியே வெளியேறும் குளிர்காற்று வெளியிலுள்ள வெப்பக்காற்றோடு கலக்கும் இடத்தில் ஒளி வளைந்து வளைந்து வருவதால்தான் விளிம்புகள் நெளிகின்றன. எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது. கோடாக இழுபட்டவை அசைவால் கெட்டவை. சென்சார் சிறியது என்பதால் 600 மி.மீ. லென்ஸ் உங்கள் கேமராவில் 900 மி.மீ. போலப் பார்க்கிறது; கை நடுக்கமும் அந்த அளவுக்குப் பெரிதாகத் தெரிவதால், கையில் பிடித்து எடுக்க 1/500 போதாது. அதிர்வுத் தடுப்பு உங்கள் கையைத்தான் அடக்கும், தலையை வெடுக்கென்று ஆட்டும் மீன்கொத்தியை அடக்காது. அலகு கூர்மையாக விழுந்த எட்டுப் படங்களுக்கும் காரணம் எளிது: அந்தத் தொலைவில் எஃப் 6.3-க்குக் கிடைக்கும் தெளிவான ஆழம், அதாவது முன்னும் பின்னுமாகக் கூர்மையாக விழும் தூரம், மொத்தமே 7 செ.மீ. அளவுதான்; ஃபோகஸ் அலகின் நுனியில் விழுந்தால் கண் அதற்கு வெளியே போய்விடும்.

இரண்டாம் பதில்:
மார்பைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அது ஃபோகஸ் குறையே அல்ல. நீல முதுகுக்கும் பழுப்புத் தலைக்கும் ஏற்ப கேமரா ஒளியை அளந்ததில் வெண்ணிறப் பகுதி வெளுத்துப்போயிருக்கிறது. அங்கே இழைகள் பதிவாகவே இல்லை என்றால், மென்பொருளில் கூர்மையை எவ்வளவு ஏற்றினாலும் வராது. கேமரா திருத்தாத மூலக்கோப்பான ‘ரா’ (RAW) வடிவில் எடுத்து, ஒளியளவை 0.7 ஸ்டாப் குறைத்துப் பாருங்கள். கேமராவே திருத்திச் சுருக்கித் தரும் ஜேபெக் மட்டும் எடுப்பவரானால், படத்தின் பொடிப்புள்ளிகளை அகற்றும் அதன் இரைச்சல் நீக்கியும் மெல்லிய இழைகளை மெழுகிவிடும்.

கேட்டவர்:
இன்று காலை ஏழு மணிக்கு அதே இடத்தில், ஏசியை நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருந்து, ஜன்னலில் பருப்பு நிரப்பிய பையை வைத்து அதன்மேல் லென்ஸைத் தாங்கவிட்டு, 1/1250, ஐஎஸ்ஓ 2000, ஒளியளவு 0.7 குறைவு, ஃபோகஸ் புள்ளி கண்ணின் மேல் என்று எடுத்தேன். 30 படங்களில் 9-இல் கண்ணைச் சுற்றியுள்ள சிற்றிறகுகள் தனித்தனியாகத் தெரிகின்றன. மார்பிலும் இழைகள் வந்துவிட்டன. லென்ஸ் என்னிடமே இருக்கட்டும்.