ஸ்டெப்னி இல்லாத கார் வாங்கலாமா? பஞ்சர் கிட் மட்டும் போதுமா?

கோயமுத்தூர்காரன்:
எலக்ட்ரிக் கார் ஒண்ணு புக் பண்ணிருக்கேங்க. டெலிவரிக்கு பத்து நாள் இருக்கறப்ப தான் ஷோரூம்ல மெதுவா சொல்றாங்க, ஸ்டெப்னி வராது சார், கிட் தான் வரும்னு. காத்தடிக்க ஒரு சின்ன கம்ப்ரஸர், ஓட்டைய அடைக்க ஒரு பாட்டில் கம், அவ்ளோதான். மாசத்துக்கு ஒருக்கா சத்தி, திம்பம் வழியா மைசூர்ல இருக்கற அக்கா வீட்டுக்கு போவோம். ஸ்டெப்னி தனியா வாங்கி டிக்கில போட்டா மாமியார் வீட்டு தேங்கா மூட்டைய எங்க வெக்கிறதுன்னு வீட்ல சண்டை. முதல்ல, ஸ்டெப்னி இல்லாம வண்டி விக்கிறது சட்டப்படி சரியாங்க?

பழைய டீசல்:
சட்டப்படி சரிதான். 2020 அக்டோபர் 1ல இருந்து ரூல் மாத்திட்டாங்க. டியூப்லெஸ் டயர், ரிப்பேர் கிட், காத்து குறைஞ்சா காட்டற டிபிஎம்எஸ், மூணும் இருந்தா கார்ல ஸ்டெப்னி கட்டாயம் இல்ல. உங்க வண்டில டிபிஎம்எஸ் இருக்கான்னு பாத்துக்கோங்க.

நைட் டிரைவர்:
நான் கிட் யூஸ் பண்ணிருக்கேன், அவினாசி ரோட்ல ஆணி ஏறுச்சு. பாட்டில மாட்டி கம்ப்ரஸர ஆன் பண்ணா மீட்டர் முள்ளு சரசரன்னு ஏறுது, டயர் வெடிச்சிருமோன்னு பயந்து ரெண்டடி தள்ளி நின்னேன், அப்புறம் தான் தெரிஞ்சுது கம் வால்வு வழியா போறப்ப அப்படி காட்டும், போய் முடிஞ்சதும் தானா இறங்கிரும்னு. ஊத்துன உடனே வண்டிய எடுத்து ஓட்டணும், அப்ப தான் உள்ள பரவும், பத்து நிமிஷம் கழிச்சு நிறுத்தி காத்து செக் பண்ணணும். 80க்கு மேல போகக்கூடாது. எல்லாம் சரி, மறுநாள் பஞ்சர் கடைல டயர கழட்டுனா உள்ள பால் பாயாசம் மாதிரி, கடைக்கார அண்ணன் என்னைய திட்டாத திட்டு இல்ல.

அதனால இப்பல்லாம் ஆணி ஏறுனா புடுங்கறதே இல்ல, அப்படியே விட்டு காத்த மட்டும் அடிச்சிட்டு பக்கத்து பஞ்சர் கடைக்கு போயிருவேன். பாட்டில் கடைசிக்கு தான். அதுக்கும் எக்ஸ்பயரி தேதி உண்டு, யாரும் பாக்கறதில்ல.

மலைப்பாதை:
ஆணிக்கு கிட் ஓகே. டயர் சைடுல கிழிஞ்சா பாட்டில் இல்ல, பக்கெட் கம் ஊத்துனாலும் நிக்காது. திம்பத்துல 27 கொண்டை ஊசி வளைவு, எதிர்ல லாரி வந்தா ஓரம் ஒதுங்கி தான் ஆகணும், அங்க ஒரு கல்லு என் டயர் சைடுல மூணு விரல் அகலத்துக்கு கிழிச்சிருச்சு. ஸ்டெப்னி இருக்குன்னு தெம்பா இறக்குனா அதுல காத்தே இல்ல! நாலு வருஷமா தொட்டே பாக்கல. நல்லவேளை கம்ப்ரஸர் இருந்துச்சு, அதுல ஸ்டெப்னிக்கு காத்து அடிச்சு மாட்டிட்டு வந்தேன். ரெண்டும் வேணும்ங்க.

இன்னொண்ணு, ஸ்டெப்னி வாங்குனா மட்டும் பத்தாது. கிட் வர்ற வண்டில பெரும்பாலும் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருக்காது. எலக்ட்ரிக் வண்டில அடில பேட்டரி வேற, கண்ட எடத்துல ஜாக்கி குடுத்தா போச்சு, மேனுவல்ல எங்கன்னு பாத்து வெச்சுக்கோங்க. ஒல்லி ஸ்டெப்னி (மத்த டயர விட அகலம் கம்மியா, அவசரத்துக்கு மட்டும் மாட்டறது) எடுத்தா காத்து அளவு அது மேலயே போட்டிருக்கும், நெறைய டயர்ல 60 பிஎஸ்ஐ, நீங்க மத்த டயர் மாதிரி 33 வெச்சிராதீங்க.

சும்மா வந்தவன்:
சம்பந்தமில்லாத தகவல்: ஸ்டெப்னிங்கறது வேல்ஸ்ல லனெல்லி ஊர்ல இருக்கற தெரு பேரு. 1904 வாக்குல அங்க ஒரு கம்பெனி ஸ்பேர் வீல் போட்டு வித்துச்சு, தெரு பேர வெச்சிட்டாங்க. அந்த பேரு நம்மூர் பஞ்சர் கடை வரைக்கும் வந்திருச்சு.

கோயமுத்தூர்காரன்:
எல்லாருக்கும் நன்றிங்க. இன்னிக்கு ஷோரூம்ல கேட்டேன், ஜாக்கி நெசமாவே வராதாம். ஒல்லி ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் மூணுக்கும் சேத்து விலை கேட்டிருக்கேன். டேப் வெச்சு டிக்கியையும் அளந்துட்டேன், ஸ்டெப்னிய படுக்க வெச்சா அதுக்கு மேல அரை மூட்டை தேங்கா நிக்கும். மீதி அரை மூட்டை என் மடிலயாம், வீட்ல சொல்லிட்டாங்க.