மறு: கையடக்க லினக்ஸில் மென்பேசி: ‘ஜிட்டர்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்

நண்பர்களே,

இணையம் வழியே அழைத்துப் பேச உதவும் இந்த மென்பேசிச் செயலியின் மொழிபெயர்ப்பில் பாக்கி இருப்பது ஒலி அமைப்புகள் திரை மட்டும்தான். அதிலும் ‘எதிரொலி நீக்கம்’, ‘ஒலிவாங்கி’, ‘அழைப்பொலி’ எதற்கும் மறுப்பு வரவில்லை. ‘மென்தொலைபேசி’ வேண்டாம், ‘மென்பேசி’ போதும் என்பதும் முடிந்துவிட்டது. அழைப்பின் ஒலித் துண்டுகள் சீரில்லாமல் முன்னே பின்னே வந்து சேர்வதைக் குறிக்கும் ‘ஜிட்டர்’ என்ற சொல்லில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். இரண்டு கருத்துகளுக்கும் சேர்த்து இந்த ஒரே மடலில் பதில் எழுதிவிடுகிறேன்.

> ஜிட்டர் என்றால் நடுங்குவது. அகராதியிலும் அப்படித்தான். ‘நடுக்கம்’ என்றே வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

ஐயா, அகராதிப்படி நீங்கள் சொல்வது சரி. ஆனால் இணைய அழைப்பில் நடுங்குவது எது? மென்பேசி நம் குரலை 20 மில்லி வினாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு பொட்டலத்தில் வைத்து அனுப்புகிறது. வினாடிக்கு 50 பொட்டலம். ஜி.711 கோடெக் (ஒலியை எண்களாக மாற்றும் முறை) என்றால் ஒவ்வொன்றிலும் 160 பைட் ஒலியும், அதற்கு மேல் ஐ.பி., யூ.டி.பி., ஆர்.டி.பி. என்ற வலை நெறிமுறைகளின் தலைப்புகளாக 40 பைட்டும் இருக்கும். புறப்படும்போது எல்லாம் சீரான இடைவெளியில்தான் புறப்படுகின்றன. போய்ச் சேரும்போதுதான் ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும், சில நேரம் நாலைந்து ஒரே மூச்சிலும் வந்து விழுகின்றன. பொட்டலத்துக்குள் இருக்கும் குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. வந்து சேரும் நேரம்தான் கெட்டுப்போகிறது.

அமைப்புகள் திரையில் ‘நடுக்கத்தைச் சரிசெய்’ என்று பார்க்கிறவர் என்ன நினைப்பார்? ஒன்று, தன் குரல் நடுங்குகிறது என்று நினைப்பார். இல்லாவிட்டால், வீடியோ அழைப்பில் கை ஆடுவதால் படம் ஆடுகிறதே, அதைச் சரிசெய்யும் வசதி போல என்று நினைப்பார். இரண்டாவதற்கு ‘நடுக்கம்’ உண்மையிலேயே நல்ல சொல். அதை அதற்கே விட்டுவைப்போம். இங்கே பயனர் கேட்பது நடுக்கத்தை அல்ல, வெட்டு விழுந்த பேச்சை: ‘நாளைக்கு வ… முடியுமா’ என்று ஓர் அசை காணாமல் போயிருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலச் சொல்லே அங்கே தகராறில்தான் இருக்கிறது. 2002இல் வந்த ஆர்.எஃப்.சி. 3393 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம், ‘ஜிட்டர்’ என்ற சொல்லை வெவ்வேறு துறையினர் வெவ்வேறு பொருளில் பயன்படுத்துவதால் குழப்பம் வருகிறது என்று சொல்லிவிட்டு, பொட்டலத் தாமதத்தின் மாறுபாடு என்றே பேசுகிறது. அவர்களே கைகழுவப் பார்த்த ஓர் உருவகத்தை நாம் அப்படியே மொழிபெயர்த்து எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

> அப்படியானால் ‘தாமத மாறுபாடு’தான் துல்லியம். விளக்கமே பெயராகிவிடுகிறது.

துல்லியம்தான், மறுக்கவில்லை. ஆர்.எஃப்.சி. 3550 சொல்லும் கணக்கும் இதையே அளக்கிறது. அடுத்தடுத்த இரண்டு பொட்டலங்கள் வழியில் எடுத்துக்கொண்ட நேரங்களின் வித்தியாசத்தை எடுத்து, பழைய மதிப்போடு பதினாறில் ஒரு பங்கு வேகத்தில் கலந்துகொண்டே போகிறது. பாடநூல் எழுதுகிறவர்கள் ‘தாமத மாறுபாடு’ என்றே எழுதட்டும். நான் பயப்படுவது திரையைப் பார்த்து.

கையில் பிடிக்கும் லினக்ஸ் கருவியில் இடம் எவ்வளவு என்று பாருங்கள். பைன்ஃபோனின் திரை 720க்கு 1440 புள்ளி. ஆனால் இடைமுகம் இரு மடங்கு பெரிதாக்கிக் காட்டப்படுவதால் நமக்குக் கிடைக்கும் அகலம் 360தான். தமிழ் எழுத்து அகலமானது. ஒரு வரியில் அமைப்பின் பெயரைக் காட்டும் சிட்டை, அதன் வலப்பக்கம் எண்ணைக் கூட்டக் குறைக்க இரண்டு பொத்தான்கள் என்று வைத்தால் சிட்டையின் வால் வெட்டுப்பட்டு மூன்று புள்ளியாகிவிடும். இப்போது மேல்வரியில் ‘தாமதம்’, கீழ்வரியில் ‘தாமத மா…’. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பயனர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

வெட்டுப்படாவிட்டாலும் சிக்கல் தீராது. ஏனென்றால் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இழுப்பவை. முன்னே பின்னே வரும் பொட்டலங்களைச் சிறிது நேரம் நிறுத்திவைத்து, வரிசைப்படுத்தி, சீராக ஒலிபெருக்கிக்கு விடுவதுதான் ஜிட்டர் பஃபரின் வேலை. நிறுத்திவைக்கும் நேரத்தைக் கூட்டினால் வெட்டு குறையும், தாமதம் கூடும். ஒருவழித் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடலுக்குத் தொந்தரவு இல்லை என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யூ.வின் ஜி.114 பரிந்துரை. அதைத் தாண்டிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் ‘சொல்லுங்க’, ‘இல்ல, நீங்க சொல்லுங்க’ என்று இருவரும் ஒரே நேரத்தில் பேசி ஒரே நேரத்தில் நிறுத்தும் கதைதான். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும் இரண்டு விஷயங்களுக்கு ஒரே சொல்லில் தொடங்கும் பெயர்களை வைத்தால் பயனர் நிச்சயம் தவறான பொத்தானைத்தான் அழுத்துவார்.

இது பெரிய கணினியில் யாரும் தொடாத அமைப்பு, இதற்குப் போய் இவ்வளவு பேச்சா என்று ஒருவர் கேட்டிருந்தார். கையடக்கக் கருவியில் கதை வேறு. மின்கலத்தை மிச்சப்படுத்த வைஃபை சில்லு இடையிடையே உறங்கப் போகும். அது உறங்கும்போது அணுகுபுள்ளி பொட்டலங்களைத் தன்னிடமே வைத்திருந்து, தான் இடைவிடாமல் குறித்த நேரத்துக்கு ஒருமுறை அனுப்பும் ‘பீக்கன்’ என்ற அறிவிப்பு அடுத்து வரும்போது ‘உனக்குச் சரக்கு இருக்கிறது’ என்று சொல்லும். பீக்கன் இடைவெளி வழக்கமாக 102.4 மில்லி வினாடி. அதாவது ஐந்து பொட்டலம் மொத்தமாகத் தேங்கி ஒரே நேரத்தில் வந்து கொட்டும். சில்லை இயக்கும் சில டிரைவர் மென்பொருள்கள் அழைப்பு நடக்கும்போதுகூட இந்த உறக்கத்தை விடுவதில்லை. லின்ஃபோன் என்ற மென்பேசியில், பொட்டலங்களை நிறுத்திவைத்து ஜிட்டரை ஈடுசெய்யும் நேரம் முன்னிருப்பாக 60 மில்லி வினாடி, மூன்று பொட்டல அளவு. தானாக அனுசரிக்கும் வசதி அணைந்திருந்தால் ஐந்துக்கு மூன்று போதாது. தாமதமாக வந்ததைத் தூக்கி எறிய வேண்டியதுதான். வராத பொட்டலமும் பிந்தி வந்த பொட்டலமும் காதுக்கு ஒன்றுதான்.

ஆகவே இணைப்பு நன்றாக இருந்தும் பேச்சு வெட்டுகிறது என்று புலம்புகிறவர் முதலில் வைஃபையின் மின்சேமிப்பை அணைத்துப் பார்க்க வேண்டும். அடுத்து வர வேண்டிய இடம் இந்தத் திரைதான். 2007இல் நோக்கியா என்800 என்ற கையடக்க லினக்ஸ் கருவிக்கு ஸ்கைப் வந்தபோது இந்த மாதிரி எண்களை யாரும் கண்ணால் பார்க்கவில்லை, எல்லாம் மூடிய பெட்டிக்குள் நடந்தது. எஸ்.ஐ.பி. என்ற அழைப்பு நெறிமுறையில் இயங்கும் திறந்த மூல மென்பேசிகள் எல்லாத் திருகையும் வெளியே வைத்திருக்கின்றன. அதனால்தான் இதற்குப் பெயர் தேவைப்படுகிறது.

சரி, என் முன்மொழிவு: நேரப்பிசகு.

தாளம் பிசகுவதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அடி விழ வேண்டிய நேரத்தில் விழாமல் சற்று முன்னோ பின்னோ விழுவது. பொட்டலத்துக்கு நடப்பதும் அச்சாக அதுதான். ‘தாளப்பிசகு’ என்றே வைக்கலாமா என்று யோசித்தேன். இசைச் செயலிகளில் அது வேறு வேலைக்குத் தேவைப்படும் என்பதால் விட்டுவிட்டேன். ‘பிசகு’ என்றால் தவறு என்ற பொருளும் இருக்கிறதே, கருவி பழுதாகிவிட்டது என்று பயந்துவிட மாட்டார்களா என்று கேட்பீர்கள். முன்னால் ‘நேரம்’ நிற்பதால் அந்தப் பயம் பாதி போய்விடும். மீதிப் பாதி இருந்தால் இருக்கட்டும், அது உண்மையிலேயே சரிசெய்யப்பட வேண்டிய ஒன்றுதானே.

இடைமுகத்தில் ‘நேரப்பிசகு ஈடு’, பக்கத்தில் மில்லி வினாடி எண். தானியங்கும் தெரிவுக்கு ‘நேரப்பிசகைத் தானாக ஈடுசெய்’. அங்கே ‘பஃபர்’ என்பதையே கொண்டுவரத் தேவையில்லை. கையேட்டில் பஃபரைச் சொல்லித்தான் ஆக வேண்டிய இடத்தில் ஏற்கெனவே புழங்கும் ‘இடையகம்’ போதும். ‘நேரப்பிசகு இடையகம்’ நீளம்தான், ஆனால் கையேட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

பொட்டலம் பற்றி ஒரு வார்த்தை. ‘பொதி’ என்றே எழுதலாமே என்று ஒருவர் குறித்திருந்தார். லினக்ஸில் மென்பொருளை நிறுவுவதற்கு ‘பொதி’ என்று பல ஆண்டுகளாக எழுதிவருகிறோம். ஒரே கையேட்டில் ‘பொதியை நிறுவவும்’ என்றும் ‘பொதி தொலைந்தது’ என்றும் வந்தால் பயனர் நிறுவலைத் திரும்பச் செய்யப் போய்விடுவார். வலையில் போவது பொட்டலமாகவே இருக்கட்டும்.

கோடெக்கைத் தமிழாக்க வேண்டாம் என்பது என் கட்சி. ஓப்பஸ், ஸ்பீக்ஸ் போன்ற முறைகளுக்கும் அதே பெயர், கைக்கருவியின் ஒலிச் சில்லுக்கும் அதே பெயர். இந்த இரண்டையும் பிரிக்கும் நல்ல சோடிச் சொற்கள் யாரிடமாவது இருந்தால் தனி இழையில் பேசலாம், இதில் கலக்க வேண்டாம்.

மொழிபெயர்ப்புக் கோப்பில் ‘நேரப்பிசகு’ வரும் சரங்களை எல்லாம் ‘சரிபார்க்க வேண்டியவை’ என்று குறித்தே ஏற்றியிருக்கிறேன், யாரும் தாராளமாக மாற்றலாம். எனக்கு ஒரே ஒரு இடத்தில்தான் தயக்கம். மின்னணுவியலில் கடிகாரத் துடிப்பின் விளிம்பு முன்பின் நகர்வதற்கும் ஜிட்டர் என்றே பெயர். ‘துடிப்பின் நேரப்பிசகு’ என்று அங்கேயும் சொல்லலாம் என்று தோன்றுகிறது, ஆனால் அது என் துறை இல்லை. ஐயா, நீங்கள் வன்பொருள் பக்கம் இருந்தவர் ஆயிற்றே, அங்கே இந்தச் சொல் உட்காருமா, உறுத்துமா என்று சொல்லுங்கள்.

அன்புடன்.